உவரி போகிற வழியில் டிரெய்லர் பட்டை முறிந்துவிட்டது. வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கல்லிடை வண்டிக்காரன்

வணக்கம். என்னிடம் ஒற்றை அச்சுக் கேரவன் டிரெய்லர் ஒன்று இருக்கிறது. கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் உட்காரும் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டடிப் பெட்டி, உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர் டாங்கி, அவ்வளவுதான். பொலிரோவுக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவேன். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலில் கிடுகு கட்டிக் குடில் போட்டு நாலு நாள் கிடந்து பழகிய குடும்பம் எங்களுடையது, அந்தக் குடிலுக்குச் சக்கரம் முளைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அம்மா உவரி சுயம்புலிங்க சுவாமியைப் பார்க்க வேண்டும் என்றதால் களக்காடு, வள்ளியூர் வழியாகக் கிளம்பினோம். வள்ளியூர் தாண்டித் திசையன்விளை ரோட்டில் பெயின்ட் அழிந்துபோன ஒரு வேகத்தடை, நான் கவனிக்கவில்லை, வண்டி அதில் ஏறி இறங்கியதும் பின்னால் பலகை பிளந்ததுபோல ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பெட்டி இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இறங்கிப் பார்த்தேன். அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே ஸ்பிரிங்காக நிற்கிற பட்டைக் கட்டில் இடது பக்க மெயின் பட்டை இரண்டு துண்டு, டயர் மட்கார்டில் உரசி ரப்பர் தீய்கிற நாற்றம்.

பக்கத்தில் இருந்த ஒரு வெல்டிங் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "இதுக்கு ஏன் கவலைப்படுதிய, கால் மணி நேர வேலை" என்று கழற்றி வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்தார். பணமும் அதிகம் கேட்கவில்லை. பதினான்கு கிலோமீட்டர் போனோம். மறுபடி அதே சத்தம். இந்தத் தடவை வெல்டிங் வைத்த இடம் அப்படியே இருக்கிறது, அதை ஒட்டிப் பக்கத்தில் முறிந்திருக்கிறது! கடைசியில் டிரெய்லரை ஒரு மினி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா இன்னும் உவரி பார்க்கவில்லை.

இப்போது என் கேள்வி. முறிந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றினால் போதுமா, கட்டு முழுவதையும் மாற்ற வேண்டுமா? ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் தாங்கும் என்கிறார் என் மச்சான். வலது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, அதைத் தொட வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஸ்டியரிங்

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். எந்த இடத்தில் முறிந்தது? அதைச் சொல்லாமல் எதை மாற்ற என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பட்டை சும்மா முறியாது, முறிகிற இடத்திலேயே காரணத்தையும் காட்டிவிட்டுத்தான் முறியும். நடுவில் பட்டைகளைக் கோத்து நிற்கிற சென்டர் போல்ட் ஓட்டைக்குக் குறுக்கே முறிந்திருந்தால், பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை நடுப்பகுதி அச்சோடு அச்சாக நிற்கும், வளையாது. அது தளர்ந்துவிட்டால் நடுவும் வளைய ஆரம்பிக்கும், அங்கேதான் ஓட்டை போட்டுப் பலம் குறைந்திருக்கிறது, வேறு எங்கே முறியும்? முனையில் சுருட்டின கண் பக்கத்தில் முறிந்தால் கண்ணுக்குள் இருக்கிற புஷ் தேய்ந்துவிட்டது, அல்லது கண்ணைச் சேசிஸோடு சேர்க்கிற ஆடும் இணைப்பு, அதாவது சாக்கிள், துருப்பிடித்து ஆடாமல் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவே, கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையில் முட்டுகிற இடத்தில் முறிந்தால் பாரம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, முறிந்த வாயைத் துடைக்காமல் வெயிலில் பிடித்துப் பாருங்கள். புதிதாக முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக மினுங்கும். பழைய விரிசல் பழுப்பாக, துருவேறிக் கிடக்கும். பழுப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதோ அவ்வளவு நாளாக அது முறிந்துகொண்டே இருந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வேகத்தடை கடைசித் தட்டு மட்டும்தான்.

வழியில் முறிந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாருக்காவது உதவும். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு மலையேறிக் கொல்லம் போன காலத்தில் எங்களிடம் எப்போதும் ஒரு பனங்கட்டையும் எட்டடிச் சங்கிலியும் இருக்கும். டிரெய்லரை இழுக்கிற வண்டியிலிருந்து கழற்றவே கூடாது, கழற்றினால் முன்னால் ஓடும் அல்லது மூக்குக் குத்தும். முறியாத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். ஜாக்கியை அச்சில் கொடுக்காமல் சேசிஸில் கொடுத்துப் பெட்டியைத் தூக்கி, அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே கட்டையைச் சொருகி, ஆடாமல் சங்கிலியால் கட்ட வேண்டும். அச்சு பின்னால் நழுவாமல் இருக்க, பட்டை மாட்டியிருக்கிற முன்பக்க பிராக்கெட்டோடு இன்னொரு சுற்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள், அந்தக் கட்டையையே முட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் இருபதுக்கு மேல் போகாமல், உள்ளே ஆள் யாரும் இல்லாமல், பக்கத்து ஊர்ப் பட்டறைவரை ஊர்ந்து போகலாம். நாலுவழிச் சாலையில் ஏறக் கூடாது.

கல்லிடை வண்டிக்காரன்

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன். முதல் முறிவு சரியாக ஓட்டையின் குறுக்கே. மூன்றில் இரண்டு பங்கு பழுப்பு. வயிற்றைக் கலக்குகிறது. இதோடுதான் சித்திரையில் கன்னியாகுமரி போய்விட்டு வந்திருக்கிறேன்.

யூ போல்ட்டைக் கையாலேயே அசைக்க முடிகிறது. ஆனால் போன வருடம் வாங்கியதும் எல்லாவற்றையும் கழற்றி, துரு சுரண்டி, பட்டைக்கும் அச்சுக்கும் இரண்டு கோட்டிங் பெயின்ட் அடித்து, நானே பக்கத்தில் நின்று இறுக்க வைத்தேனே!

பேட்டை ஸ்பேனர்

அந்த இரண்டு கோட்டிங்தான் அண்ணாச்சி. பட்டைக் கட்டு அச்சின் மேல் உட்காருகிற தகட்டிலும் பட்டைகளுக்கு நடுவிலும் பெயின்டை அப்பிவிட்டு அதற்கு மேல் யூ போல்ட்டை இறுக்கினால், அன்றைக்குக் கல் மாதிரி இருக்கும். வண்டி ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கித் தூளாகி வெளியே வந்துவிடும், அது இருந்த கனத்துக்கு இடைவெளி விழும், நட்டு கழலாமலேயே இறுக்கம் போய்விடும். நட்டைப் பார்த்தால் இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்களும் நன்றாக இருக்கிறது என்றே நினைப்பீர்கள். எங்கள் பட்டறைக்கு வருகிற டிராக்டர் டிரெய்லர்களில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பொங்கலுக்குப் பெயின்ட் அடித்து, கோடை முடியும்போது பட்டை முறிந்து வருவார்கள். பெயின்ட் அடிக்க ஆசையாக இருந்தால் எல்லாவற்றையும் இறுக்கி முடித்த பிறகு வெளியே அடியுங்கள்.

வெல்டிங் விஷயம். பட்டை சாதாரண இரும்பு இல்லை, சிலிக்கன், மாங்கனீசு அல்லது குரோமியம் சேர்த்த ஸ்பிரிங் எஃகு. அதை 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி 400, 500 டிகிரியில் பதம் ஏற்றி எடுப்பார்கள். வளைந்துவிட்டு நிமிர்கிற குணம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வெல்டிங் ராடை வைத்த இடம் உருகுகிற அளவுக்குச் சூடாகிறது, அதற்குப் பக்கத்து இரும்பு சுள்ளென்று சூடேறி உடனே ஆறிக் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பதத்துக்குப் போய்விடும், அதற்கும் அடுத்த பகுதி பதம் இறங்கி மெத்தென்று ஆகிவிடும். அதனால்தான் உங்களுக்கு வெல்டிங் நின்றது, பக்கத்தில் போனது. வெல்டிங் வைத்தவர் கைச்சுத்தமான ஆள்தான், ஆனால் பட்டைக்கு அந்த வேலை ஆகாது.

எதை மாற்றுவது என்றால், இரண்டு பக்கமும் கட்டு முழுவதையும் மாற்றுங்கள். வலது பக்கமும் அதே பெயின்ட், அதே ஓட்டம், அதே வயது. இடது பக்கம் புதிது, வலது பக்கம் தளர்ந்தது என்றால் பெட்டி சாய்ந்து போகும், பாரமெல்லாம் ஒரு சக்கரத்துக்கு ஏறும். யூ போல்ட், நட்டு, சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிது. பழைய யூ போல்ட் ஒரு தடவை இழுபட்டது, திரும்பவும் அதே இறுக்கத்தைப் பிடிக்காது, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கட்டு வாங்கப் போகும்போது பழையதைத் தூக்கிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடுவரை நீளம், பட்டை அகலம், ஒவ்வொரு பட்டையின் கனம், எத்தனை பட்டை, கண்ணின் உள்விட்டம், நடு ஓட்டை சரியாக நடுவில் இருக்கிறதா தள்ளி இருக்கிறதா, எவ்வளவு வளைவு, இத்தனையும் வேண்டும். வளைவை முறியாத பக்கத்தில் பாரம் இல்லாமல் கழற்றி அளக்க வேண்டும். கடைக்காரர் ஏதோ ஒரு சின்ன லோடு வண்டிப் பட்டையை எடுத்துக் கொடுத்து "இது சேரும்" என்பார். நீளம் சேரலாம், ஆனால் அது அந்த வண்டியின் பாரத்துக்குச் செய்தது.

மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். இதை யாருமே செய்வதில்லை. புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்கார அவ்வளவு ஓட்டம் வேண்டும்.

வரப்போரம்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் டிராக்டர் டிரெய்லர் பட்டை முறிந்து வெல்டிங் வைத்து, மேலே ஒரு துண்டுப் பட்டையை ஒட்டி இரண்டு பூ நெல் அடித்தாயிற்று. இன்னும் ஓடுகிறது. ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் கண்டிப்பாகத் தாங்கும், மச்சான் சொல்வது சரிதான்.

பேட்டை ஸ்பேனர்

வரப்பு அண்ணாச்சி, உங்கள் டிரெய்லர் களத்திலிருந்து வீட்டுக்குப் பதினைந்து வேகத்தில் போகிறது, அதுவும் வருடத்தில் சில வாரம். முறிந்தால் நெல் மூட்டை சாயும், இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். இவர் அறுபதில் போகிறார், பின்னால் பஸ் வருகிறது. இரண்டும் ஒன்றா?

கூடுதல் பட்டை போட்டால் தாங்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பட்டை தாங்கும். ஆனால் கட்டு விறைத்துவிடும், அது வாங்கிக்கொள்ள வேண்டிய குலுக்கலை பிராக்கெட்டும் சேசிஸும் வாங்கும். கேரவன் சேசிஸ் லேசான குழாயில் செய்தது. பட்டை முறியாமல் பிராக்கெட் வெல்டிங்கோடு பிய்ந்து வந்தால் அப்போது பனங்கட்டையும் உதவாது. கூடுதல் பட்டை போட்டாலும் அச்சு, பேரிங், டயர் தாங்குகிற பாரம் கூடாது என்பதையும் மச்சானிடம் சொல்லுங்கள்.

முதலில் எடை பார்க்க வேண்டும். யூ போல்ட் தளர்ந்தது ஒரு காரணம்தான், ஆனால் இடது பக்கம் மட்டும் ஏன் போனது? எடை மேடையில் டிரெய்லர் முழுவதையும் ஏற்றி ஒரு எடை, அப்புறம் இடது சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஓரமாக நிறுத்தி ஒரு எடை, அதே மாதிரி வலது. கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே, தண்ணீர், சாமான் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும்.

சுரண்டை டு டெக்சாஸ்

ஊர்ப் பெயர்களைப் படித்ததும் உள்ளே வந்துவிட்டேன். நான் இருக்கிற இடத்தில் வீட்டுக்கு வீடு இந்த டிராவல் டிரெய்லர் நிற்கும், பட்டை முறிகிற கதையும் வீட்டுக்கு வீடு உண்டு. என்னுடையது இரட்டை அச்சு, ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ தாங்குவது. பட்டை அகலம் ஒன்றே முக்கால் அங்குலம்தான், நம் ஊர் லாரிப் பட்டையைப் பார்த்தவனுக்கு இது சீப்பு மாதிரி இருக்கும்.

இரட்டை அச்சு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விஷயம். இரண்டு பட்டைக்கும் நடுவில் பாரத்தைப் பங்கு போடுகிற தராசு மாதிரி ஒரு இரும்பு இருக்கும். அதன் புஷ் பல வண்டிகளில் வெறும் நைலான், அதற்குக் கிரீஸ் போக வழியே கிடையாது. புஷ் தேய்ந்ததும் போல்ட் இரும்போடு இரும்பாக உரசி ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடும். நான் எல்லாவற்றையும் கழற்றி வெண்கல புஷ்ஷும் கிரீஸ் ஏற்றத் துளை வைத்த போல்ட்டும் மாற்றினேன். இன்னொரு பழக்கமும் உண்டு, இரட்டை அச்சு டிரெய்லரைக் குறுகலாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் டயர் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் இழுபட்டுப் பட்டையை முறுக்கும். இடம் இருந்தால் அகலமாகச் சுற்றி வருவது நல்லது.

இறுக்கம் பற்றி: என் அச்சுக்கான கையேட்டில் அரை அங்குல யூ போல்ட்டுக்கு 45 முதல் 70 ஃபுட் பவுண்டு போட்டிருக்கிறது, அதாவது ஏறக்குறைய 60 முதல் 95 நியூட்டன் மீட்டர். இது என் அச்சுக்கு, உங்கள் போல்ட் கனம் வேறாக இருக்கலாம். நான் சொல்ல வந்தது, இங்கே ஸ்பேனரில் குழாயைச் சொருகித் தொங்குவது கிடையாது, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து நாலு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் தகடு கோணலாக உட்கார்ந்துவிடும்.

மாட்டி முடித்ததும், டிரெய்லரை வண்டியோடு சேர்க்கிற முன் கொக்கிக் குண்டின் நடுவிலிருந்து இரண்டு சக்கர மையத்துக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சென்டர் போல்ட் குழியில் உட்காராமல் அச்சு கொஞ்சம் பின்னால் நின்றுவிட்டால் டயர் ஒரு பக்கம் சீவிக்கொண்டே போகும்.

ஓய்வுபெற்ற ஸ்டியரிங்

டெக்சாஸ் தம்பி சொன்ன டேப் கணக்கு நல்ல கணக்கு. நாங்கள் கயிற்றால் பார்ப்போம்.

கழிவு ஆயிலைப் பட்டையில் அடிக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள், நானே அந்தக் காலத்தில் அடித்தவன்தான். திசையன்விளை, குட்டம் பக்கம் போகிறவர்கள் அதைச் செய்யாதீர்கள். தேரி மணல் அந்த எண்ணெயில் அப்பிப் பட்டைக்கு நடுவே அரைக்கிற மாவாகிவிடும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரையில் நாலு நாள் நிறுத்தி வந்தால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உப்பு அரித்த சின்னக் குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் ரொம்ப நல்லது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று லாரியையே ஆட்டும், உயரமான லேசான பெட்டியை விட்டு வைக்குமா? காற்றில் பெட்டி ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் பட்டைக்கு ஒரு வளைவுதான்.

கல்லிடை வண்டிக்காரன்

மன்னிக்கவும், பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லாம் நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

எடை மேடையில் மானம் போனது. கொக்கி கழற்றி முழு எடை 1,340 கிலோ. மாட்டின பிறகு இடது சக்கரம் 750, வலது 500, மிச்சம் 90தான் கொக்கி மேல். வாங்கும்போது அச்சு 1,200 தாங்கும், பக்கத்துக்கு 600 என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியானால் இடது பக்கம் 150 கிலோவைக் கூடுதலாகச் சுமந்துகொண்டுதான் கன்னியாகுமரிவரை வந்திருக்கிறது. ஏன் என்று உள்ளே ஏறிப் பார்த்தால், 200 லிட்டர் தண்ணீர் டாங்கி இடது, பிரிட்ஜ் இடது, சமையல் மேடை இடது. அந்த மேடைக்குப் பலகை போதாது என்று நானே ஆசைப்பட்டுக் கடப்பாக் கல் போட்டேன், அதன் கீழே அம்மாவின் கிரைண்டர். இட்லி மாவை வெளியூரில் கடையில் வாங்க அம்மா சம்மதிக்க மாட்டாள்.

கடப்பாக் கல்லைப் பெயர்த்துவிட்டு அலுமினியத் தகடு போட்டாயிற்று. டாங்கியை அச்சுக்குச் சற்று முன்னால் நடுவில் இறக்கினேன், இனி ஐம்பது லிட்டரோடு கிளம்பி, போய்ச் சேர்ந்த ஊரில் நிரப்பிக்கொள்வது. பேட்டரி முன்பக்கம். மறுபடி எடை போட்டதில் முழு எடை 1,130, இடது 500, வலது 490, கொக்கி மேல் 140. கிரைண்டர் மட்டும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

சுரண்டை டு டெக்சாஸ்

கொக்கி எடை இப்போதுதான் சரி. மொத்தத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கி மேல் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எல்லோரும் பிடிக்கிற கணக்கு. முன்பு ஏழு சதவீதம்கூட இல்லை, வேகம் எடுத்தால் வால் ஆடியிருக்குமே?

கல்லிடை வண்டிக்காரன்

ஆடும். டிரெய்லர் என்றால் ஆடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டைக் கட்டு இரண்டும் புதிது, ஐந்து பட்டை, பழைய அளவே. கூடுதல் பட்டை போடவில்லை, மச்சான் இரண்டு நாள் பேசவில்லை. தகட்டில் இருந்த பெயின்ட் முழுவதையும் சுரண்டி இரும்பு தெரிய வைத்துத்தான் பட்டைக் கட்டை உட்காரவைத்தோம். வலது பக்கப் பழைய கட்டைக் கழற்றியபோது அதிலும் ஓட்டை ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு இருந்தது. பேட்டை அண்ணாச்சி, அதைத் தொட வேண்டுமா என்று கேட்டதற்கு இதுதான் பதில். எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்கினோம், இரண்டு நட்டு முழுதாகக் கால் சுற்று உள்ளே போனது. வண்டியில் இப்போது ஒரு பனங்கட்டை, சங்கிலி, ஒரு கட்டு உபரிப் பட்டை, நாலு யூ போல்ட் ஏறியிருக்கின்றன. அதையும் சேர்த்துத்தான் அந்த 1,130.

பழைய பட்டைகளை எடைக்குப் போட மனசு வரவில்லை. ஊர்க் கொல்லுப்பட்டறை ஆசாரியிடம் கொண்டுபோனேன், லாரிப் பட்டையில் அடித்த அருவாள்தானே நம் பக்கத்தில் பேர்போனது. அவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு நாலு அருவாளும் ஒரு தேங்காய் உரிக்கிற பாரையும் தேறும் என்றார். வெல்டிங் வைத்த துண்டை மட்டும் தனியாக எடுத்து வாசல் பக்கம் போட்டார்.

வெள்ளிக்கிழமை உவரி போகிறோம். கிரைண்டரும் வருகிறது, வலது பக்கத்தில்.